மையித்து இல்லாத ஜனாஸா

மீன் சந்தையில் சூரை வெட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கத்தியை நிறுத்தினார். "மிஸ், இண்டைக்கு ஆரும் மௌத்தாகல்லையா?" என்று கேட்டார். சுற்றி நின்ற சனமெல்லாம் சிரித்தது. பக்கத்தில் இறால் விற்றவருக்குச் சிரிப்பில் தராசு ஆடிப்போனது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? ஒருவரும் சாகாத ஊரில், உயிரோடிருந்த அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் ஜனாஸா அடக்கத்துக்குக் கூப்பிட்டவள் நான். அந்தப் பெயர் என்னோடு கபுறுக்குழிவரைக்கும் வரும்.

கல்முனைப் பக்கத்துக் கரையோர ஊர் ஒன்றில், அரசாங்க அலுவலகத்தில், அனர்த்த முகாமைத்துவத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நான். பெயர் பெரிது. வெள்ளம் வந்தால் நான், காற்று வந்தால் நான், வயல் பக்கம் யானை வந்தால் அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சனங்களைப் பொறுத்தவரை, வெள்ளம் வடிந்த பிறகு அரிசியும் பருப்பும் கொடுக்கிற மிஸ். வெள்ளம் வருவதற்கு முன்னால் நான் சொல்வதை ஒருவரும் கேட்பதில்லை. கேட்காதவர்களில் முதலாமவர் என்னைப் பெற்ற வாப்பா.

வாப்பாவின் வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். சுனாமியில் உம்மா போனது அந்த வளவிலிருந்துதான். பிறகு அரசாங்கம் உள்பக்கத்தில் வீட்டுத்திட்டம் கட்டிக் கொடுத்தது. நாங்கள் எல்லோரும் போனோம், வாப்பா போகவில்லை. அதே இடத்தில் இரண்டு அறையைக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி ஒரு சாய்மனைக் கதிரையும் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும், ஒவ்வொரு ஒத்திகைக்கும், நான் போய்க் கெஞ்சுவேன்.

"வாப்பா, எழும்புங்களன். எல்லாரும் போறாங்க."

"எல்லாரும் எங்க போறாங்க? உன்ட ஒபிஸ் ஆக்கள்தான் போறாங்க. போட்டோ புடிக்க."

"கடல் வந்தா என்ன செய்வீங்க?"

"வந்தா வரட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன? அதுக்கு என்னைத் தெரியும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். ஒத்திகைக்கு வருவது பாடசாலைப் பிள்ளைகளும் எங்கள் அலுவலகத்தாரும் மட்டும்தான். அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தரின் சொந்த வாப்பாவே கதிரையை விட்டு எழும்பவில்லை என்று ஊரில் பகிடி வேறு. பகிடியை நான் பொறுப்பேன். இன்னொரு அலை வந்தால் என்ன ஆகும் என்கிற நினைப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. மழைக்காலத்தில் கடல் இரைச்சல் சற்றுக் கூடினாலே எனக்குச் சோறு இறங்காது.

இதே வாப்பா ஊரில் எந்த மௌத்து நடந்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். சொந்தமா, பகையா என்றெல்லாம் பார்ப்பதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் கேட்டால் போதும், வெள்ளைச் சாரனும் தொப்பியுமாய், அத்தர் பூசிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அதற்குக் காரணம் இருந்தது. உம்மாவின் உடலை, மையித்தை, கண்டெடுத்தபோது வாப்பா அவவைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய் அலைந்துகொண்டிருந்தார். அந்த நாட்களில் மையித்துகளை வைத்திருக்க நேரமில்லை. யாரோ சில பேர் நின்று தொழுது அடக்கிவிட்டார்கள். வாப்பா வந்தபோது மண் மூடியிருந்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு ஜனாஸாவையும் தவறவிட்டதில்லை.

இப்படியிருக்கும்போதுதான் எங்கள் அலுவலகத்துக்கு ஏஐ வந்தது.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பயிற்சி தந்தார். பொதுமக்கள் பாதுகாப்பு வேலைகளில் இதை எப்படிப் பாவிக்கலாம், எப்படிப் பாவிக்கக் கூடாது என்று இரண்டையும் சொன்னார். எச்சரிக்கை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்து, அதை நாங்கள் தமிழாக்கி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, பள்ளிக்கும் கோயிலுக்கும் அனுப்புவதற்குள் கடல் வந்து திரும்பிப் போயிருக்கும். இந்த யந்திரம் கண்மூடித் திறப்பதற்குள் தமிழில் எழுதித் தரும். ஆனால் ஆட்களின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் ஒன்றையும் அதற்குக் கொடுக்கக் கூடாது. அது எழுதுவதை ஒரு மனிதர் வாசித்துச் சரிபார்க்காமல் வெளியே விடக் கூடாது. இந்த இரண்டையும் நான் கொட்டை எழுத்தில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டினேன். இரண்டையும் கடைசி வரைக்கும் கடைப்பிடித்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சட்டப்படி பார்த்தால் என்னில் ஒரு பிழையும் இல்லை.

காரைதீவிலிருந்து வருகிற இந்துத் தம்பி ஒருவன்தான் எங்கள் பிரிவில் கணினி பார்ப்பவன். கெட்டிக்காரன். அவனும் நானும் முதல் நாள் ஆசையோடு உட்கார்ந்து ஒரு சுனாமி எச்சரிக்கை எழுதச் சொன்னோம். யந்திரம் எழுதியது: "பெருமதிப்பிற்குரிய குடிமக்களே, பேரலை அபாயம் நிலவுவதால் தாங்கள் உடனடியாக உயரமான பகுதிகளுக்கு இடம்பெயருமாறு பணிவன்புடன் வேண்டப்படுகிறீர்கள்."

எங்கள் ஊரில் உயரமான பகுதி என்றால் தென்னை மரமும் பள்ளி மினாராவும்தான்.

"அக்கா, இது ஆர்ர தமிழ்?" என்று தம்பி கேட்டான்.

"ஆர்ர தமிழெண்டாலும் எங்கட வாப்பா எழும்ப மாட்டார்" என்றேன்.

பயிற்சி தந்தவர் ஒரு வழி சொல்லியிருந்தார். உங்கள் சனம் கேட்டுப் பழகிய அறிவித்தல்கள் சிலவற்றை மாதிரிக்குக் கொடுங்கள், யந்திரம் அந்த நடையைப் பிடித்துக்கொள்ளும் என்று. எங்கள் சனம் கேட்டுப் பழகியது எது? பள்ளி ஒலிபெருக்கிதான். நான் பள்ளிவாசல் செயலாளரிடம் போனேன். அவர் சந்தோஷமாகத் தன் போனில் இருந்த பழைய அறிவித்தல்களையெல்லாம் அள்ளி அனுப்பிவிட்டார். தண்ணீர் வெட்டு ஒன்று, பிறை கண்ட செய்தி ஒன்று, காணாமல் போன ஆடு ஒன்று. மீதி முழுக்க மௌத்து அறிவித்தல்.

நாங்கள் அவற்றில் இருந்த பெயர்களையெல்லாம் அழித்தோம். விலாசத்தை அழித்தோம். இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன் என்பதையும் அழித்தோம். தம்பி ஒவ்வொன்றாய் அழிக்க நான் பக்கத்திலிருந்து சரிபார்த்தேன். மௌத்தானவரை எடுத்துவிட்டு மௌத்தை மட்டும் யந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறோம் என்கிற பெருமையில், கன்டீனில் இருந்து இரண்டு பிளேன்டீயும் எடுப்பித்துக் குடித்தோம்.

யந்திரம் இப்போது எழுதித் தந்ததை வாசித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஊர் மக்களின் கவனத்திற்கு. சுனாமி எச்சரிக்கை ஒத்திகை தற்போது ஆரம்பமாகிறது. ஆண்கள், பெண்கள், சிறுவர், முதியோர் சகலரும் தாமதியாது பாடசாலை மைதானத்துக்கு வருகை தருமாறு மிகவும் அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம். ஜஸாகல்லாஹு கைரன்."

அப்படியே எங்கள் பள்ளி கதைக்கிற மாதிரி. ஒத்திகை என்று இருக்கிறது. எங்கே வரவேண்டும் என்று இருக்கிறது. தம்பி மட்டும் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, எனக்கெண்டா இது செத்த வீட்டு அறிவித்தல் மாதிரிக் கிடக்கு."

"தம்பி, உனக்கு எங்கட வழக்கம் தெரியா. அது மௌத்துக்கு மட்டும் ஓதுறதில்ல. என்ன முஸீபத்து, துன்பம் வந்தாலும் ஓதுவம். பீங்கான் உடைஞ்சாலும் ஓதுவம், கரண்ட் போனாலும் ஓதுவம்."

"அப்ப சரியக்கா" என்று விட்டுவிட்டான். நான் சொன்னது மார்க்கப்படி அச்சொட்டாகச் சரி. செயலாளரும் வாசித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், மிஸ், இந்த மிசினுக்கு எங்கட பொடியன்மார விட ஈமானும் மார்க்கப்பற்றும் கூட" என்றார். இப்படியாக மனிதர் மூன்று பேர் வாசித்துச் சரிபார்த்தோம். கண்ணால் வாசித்தோம். காதால் ஒருவரும் கேட்கவில்லை.

ஒத்திகை நாள் காலை. நான் பாடசாலை மைதானத்தில் பச்சைச் சட்டையும் கையில் கொடியும் ஒலிவாங்கியுமாய் நின்றேன். அம்பாறையிலிருந்து மேலதிகாரி வந்திருந்தார். சிங்களவர், நல்ல மனிதர், போன வருட ஒத்திகைக்கும் அவர்தான் வந்தவர். போன வருடம் வந்திருந்த கூட்டத்தை அவர் நினைவில் வைத்திருந்தார் போலும், மர நிழலில் எனக்கும் தனக்குமாய் இரண்டே இரண்டு கதிரை போடச் சொல்லியிருந்தார். தம்பி அலுவலகத்திலிருந்து அறிவித்தலை, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரின் போனுக்கு அனுப்பினான். ஒலிபெருக்கி கரகரத்தது.

மோதினார் பாவம், அவர் தொழிலே அது. முதல் வசனத்தைக் கண்டதும் அவர் குரல் தன்பாட்டில் இறங்கி, வழமையான அந்த மௌத்து இராகத்துக்குப் போய்விட்டது. "இன்னாலில்லாஹி..."

அதை எழுதுவித்தவள் நான். வாசித்துச் சரிபார்த்தவளும் நான். அந்தக் குரல் காதில் விழுந்ததும் என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. "யா அல்லாஹ், ஆரோ?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன்.

அடுத்த நொடி எனக்கு விளங்கியது. ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? முதல் வசனம் கேட்டதும் மீதியை ஒருவரும் கேட்பதில்லை. எல்லோரும் வேலிக்கு ஓடுவார்கள், "ஆரு, ஆரு?" என்று பக்கத்து வீட்டைக் கேட்பார்கள், பக்கத்து வீடு இவர்களைக் கேட்கும். கடைசியில் எங்கே, எப்போது என்பதைத்தான் திரும்பக் காது கொடுத்துக் கேட்பார்கள். இன்றைக்குக் கடைசியில் இருந்தது பாடசாலை மைதானம். ஜனாஸாத் தொழுகையை மைதானத்தில் வைப்பது பெரிய ஆட்களுக்குத்தான். பள்ளி கொள்ளாத சனம் வரும் என்றால்தான்.

ஆகவே பெரிய ஆள் ஒருவர் மௌத்து. ஆரு? ஊர் அதைத் தானே தீர்மானித்துக்கொண்டது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் போன கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். அரைவாசி ஊருக்குப் படிப்பித்தவர், மீதி அரைவாசிக்குப் பிரம்பால் அடித்தவர். அவரேதான் என்று முடிவாயிற்று.

மெயின் வீதியில் கடைகள் இழுத்து மூடப்படுகிற சத்தம் மைதானத்துக்கே கேட்டது. முதலில் வந்தது ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் லொறி. படங்கும் கம்பும் கதிரைகளும். ஒன்றும் கேட்காமல் இறக்கிப் பந்தல் போடத் தொடங்கினார்கள். பிறகு ஆண்கள் வெள்ளை வெள்ளையாய் வாசலால் வந்துகொண்டேயிருந்தார்கள். பிறகு பெண்கள். எங்கள் ஊரில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை, மௌத்து வீட்டுக்குத்தான் போவார்கள். அதிபர் வீட்டுப் பக்கம் போனவர்கள் அங்கே வெளிக்கதவு பூட்டியிருக்கக் கண்டு, எல்லாம் மைதானத்தில்தான் போலிருக்கிறது என்று பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். மௌத்து வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் சும்மாவும் வரவில்லை. மதியத்துக்கு ஆக்கிய சோற்றுச் சட்டி, மீனாணம், தேத்தண்ணிப் போத்தல், ஒரு மாமி தலையில் முழு வாழைக்குலை.

மேலதிகாரி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "மிஸ், இவ்வளவு பேரும் ஒத்திகைக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஓம் சேர்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"கூடாரம்கூடக் கொண்டுவருகிறார்களே! சமைத்த சாப்பாடு! நாங்கள் திட்டத்தில் எழுதியதெல்லாம் இதுதானே!" அவர் கண் கலங்கிவிடும் போலிருந்தது. "அந்த ஏஐக்கு என்ன கட்டளை கொடுத்தீர்கள்? மற்ற ஊர்களுக்கும் அனுப்புவோம்."

"வேணாம் சேர்" என்றேன். என் சிங்களம் அதற்கு மேல் போகவில்லை.

பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் உடம்பு என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். கொடியைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தேன், வாய் தன்பாட்டில் சிரித்தது. ஓடிவந்து சேர்ந்த தம்பி என் காதுக்குள், "அக்கா, புள்ளையார் புடிக்கக் குரங்காப் போச்சு" என்றான். "சத்தம் போடாத" என்று அவன் காலை மிதித்தேன்.

அப்போதுதான் வாப்பா வந்தார்.

கடற்கரையிலிருந்து மைதானம்வரை அவரை நடக்கவைக்க எத்தனை வருடமாக முயன்றேன்! முழங்கால் ஏலாது, மூச்சு வாங்கும், ஆட்டோ பிடிக்காது என்று எத்தனை சாட்டு. இப்போது, தேய்த்த வெள்ளைச் சாரன், தொப்பி, வேர்வைக்கு மேலால் மணக்கிற அத்தரோடு, ஒரு ஆளின் தோளையும் பிடிக்காமல், கடற்கரை ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் முன்னால் நடந்து வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுவிட்டு, அதிபருக்காக அழுகிறேன் என்று நினைத்து, என் தலையைத் தடவினார்.

"அழாத புள்ள. நல்ல மனுசன். மையித்த எங்க வெச்சிரிக்காங்க?"

"மையித்து இல்ல வாப்பா."

"இன்னும் கொண்டரல்லையா?"

"ஒருத்தரும் மௌத்தாகல்ல வாப்பா. இது ஒத்திகை. சுனாமி ஒத்திகை."

வாப்பா என்னைப் பார்த்தார். பிறகு பந்தலைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துகொண்டு வந்தது.

"ஒருத்தரும் மௌத்தாகாமயா என்னை இவ்வளவு தூரம் நடக்க வெச்ச?"

பக்கத்தில் நின்றவர்களுக்கும் விளங்கத் தொடங்கியது. முணுமுணுப்பு எழும்பியது. யாரோ "பள்ளில வெச்சி விளையாடுறதா?" என்று சத்தம் போட்டார். செயலாளர் என்னைப் பார்த்தார், நான் செயலாளரைப் பார்த்தேன். எந்தப் பக்கத்து மதிலால் பாய்வது என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதிலிருந்து, தலையில் தொப்பி, கையில் தஸ்பீஹ் மணிமாலை, ஓய்வுபெற்ற அதிபர் இறங்கினார். அறிவித்தல் கேட்டதும் அவரும் பெரிய ஆள் யாரோ மௌத்து என்று மனைவியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, பழைய மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுநின்று வர, பிந்தியிருக்கிறார். வழியில் இவரைக் கண்ட ஒருவர் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போய்விட்டாராம்.

முன்வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னுக்குப் போனார்கள். அதிபர் சனத்தைப் பார்த்து, முன்னால் நின்றவரிடம் மெல்லக் கேட்டார்: "ஆரு தம்பி மௌத்து?"

"நீங்கதான் சேர்" என்றார் அவர்.

பிறகு நடந்ததை என்ன சொல்ல? ஒருவர் சிரித்தார், பத்துப் பேர் சிரித்தார்கள், கடைசியில் அந்த மைதானமே குலுங்கியது. கதிரையில் இருந்தவர்கள் கதிரையோடு சரிந்தார்கள். பெண்கள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒரு சாச்சி சிரிப்பை அடக்க முடியாமல் வாழைக்குலையில் சாய்ந்துவிட்டா. அதிபர் என் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்து, "என்ட ஜனாஸாவுக்கு வந்த எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். வராதவங்கள நான் பார்த்து வெச்சிரிக்கன்" என்றார். பகிடி விளங்காத மேலதிகாரியும் எல்லோரையும் பார்த்துச் சேர்ந்து சிரித்தார். கொண்டுவந்த சோறும் மீனாணமும் வீணாகக் கூடாதே என்று பந்தலுக்குள் பாய் விரித்து எல்லோரும் உண்டார்கள். ஒத்திகை என்று சொன்னால் வராத சனம், ஒத்திகையில் இருந்து வீட்டுக்குப் போகவே மனமில்லாமல் பின்னேர அஸர்த் தொழுகைவரைக்கும் இருந்தது.

சிரிக்காத ஆள் ஒருவர்தான். வாப்பா சோறு உண்ணவில்லை. புறப்படும்போது என்னிடம் வந்து, "மௌத்துச் செய்தில விளையாடிட்டாய். இனி அந்த லவுட்ஸ்பீக்கர்ல நீ என்ன சொன்னாலும் நான் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு என் சிரிப்பும் நின்றது. ஊரே பாராட்டியது, மேலதிகாரி பாராட்டிக் கடிதம் அனுப்பினார். எனக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது. முன்பாவது வாப்பாவுக்கு நம்பிக்கையில்லாதது எங்கள் எச்சரிக்கை ஒன்றுதான். இப்போது அவர் நம்பிய மௌத்து அறிவித்தலையும் கெடுத்துவிட்டேன். நாளைக்குக் கடல் உண்மையாகவே வந்தால் அவர் அந்தக் கதிரையில்தான் இருப்பார். இருக்கவைத்தவள் நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை முடிந்து அவர் வருகிற நேரத்துக்கு, அவருக்குப் பிடித்த கணவாய்க் கறியோடு போனேன். கதவைத் திறந்தார், கதைக்கவில்லை. உண்டார், கதைக்கவில்லை. நான் பீங்கான் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று திடீரென்று கேட்டார்:

"அண்டைக்கு அந்தப் பந்தல ஏன் கிழக்கால போட்ட?"

"என்ன வாப்பா?"

"பொம்புளயள் இருந்த பக்கம் முழுக்க வெயில். வுழூ எடுக்க, கை கால் கழுவத் தண்ணி இல்ல. கெழடு கட்டைகளுக்குக் கதிரை கிடைக்கல்ல, பொடியனுகள் எல்லாம் முன்னுக்கு இருந்தானுகள். ஒரு ஒழுங்கு வேணாமா? உண்மையா கடல் வந்து அவ்வளவு சனமும் வந்தா, மறுகா எப்படிச் சமாளிப்பாய்?"

அவர் நிறுத்தவேயில்லை. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை திட்டினார். கோபித்துக்கொண்டு சோறு உண்ணாமல் நின்ற நேரமெல்லாம் மைதானத்தை மூலைக்கு மூலை பார்த்திருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. காட்டிக்கொண்டால் காரியம் கெட்டுவிடும் என்று பீங்கானையே தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நீங்களே வந்து ஒழுங்குபடுத்துங்களன்" என்றேன்.

"எனக்கு வேற வேலையில்லையா?" என்றார்.

திங்கட்கிழமை தம்பியும் நானும் ஜனாஸாச் சங்கத்தாரைக் கண்டு கதைத்தோம். பந்தல், கதிரை, சாப்பாடு எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. எச்சரிக்கை வந்தால் மைதானம் அவர்கள் பொறுப்பு என்று ஏற்பாடாயிற்று. பிறகு யந்திரத்துக்குக் கொடுத்த மௌத்து மாதிரிகளையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாய் எழுதச் சொன்னோம். முன்பெல்லாம் எங்கள் அறிவித்தல் ஓடு என்று சொல்லும். வாப்பா ஓடுகிற ஆள் இல்லை. சனம் வருகிறது, வேலை இருக்கிறது, வா என்று எழுதச் சொன்னேன். எழுதியதை மோதினாரைக் கொண்டு ஒலிபெருக்கியில் வாசிப்பித்து, வீதியில் நின்று காதால் கேட்டோம். "இப்ப சொல்லு தம்பி, செத்த வீடு மாதிரிக் கிடக்கா?" என்றேன். "இல்லக்கா, கலியாண வீடு மாதிரிக் கிடக்கு" என்றான். என் மேசைக்கு மேல் மூன்றாவதாக ஒன்று ஒட்டினேன்: காதால் கேட்காமல் அனுப்பாதே.

மாரி பிறந்து ஒரு காலை, காற்று எழும்பியது. கடல் பொங்கும், கரையோரத்தார் விலகவேண்டும் என்று உண்மையான எச்சரிக்கையே வந்தது. தம்பி எங்கள் அறிவித்தலை எடுத்து, நாங்கள் இரண்டு பேரும் வாசித்து, பள்ளிக்கு அனுப்பினோம். மோதினாரின் குரல் எழும்பியது: "கடல் பொங்குது. சனம் பாடசாலை மைதானத்துக்கு வருது. பந்தல் போட, கதிரை அடுக்க, தண்ணி வைக்க ஆள் தேவை. கடற்கரை ஒழுங்கையில் உள்ள எல்லாரும் உடனே வாங்க."

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே வாப்பாவின் வீட்டுக்குப் பறந்தேன். இந்த முறை கையைப் பிடித்து இழுத்தாவது கொண்டுபோவது என்ற முடிவோடு. கதவு பூட்டியிருந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. சாய்மனைக் கதிரையைக் காணவில்லை. கடல் வழக்கத்தைவிட நெருக்கத்தில் நின்று இரைந்தது. "வாப்பா!" என்று வளவைச் சுற்றிக் கத்தினேன். அந்த நேரம் எனக்கு உம்மாவின் முகம்தான் வந்தது.

அக்கம்பக்கத்து வீடுகளும் வெறுமையாய்க் கிடந்தன. ஒழுங்கையில் கேட்க ஒரு ஆள் இல்லை. எப்படி மைதானத்துக்கு வந்தேனென்று எனக்குத் தெரியாது.

பந்தல் இந்த முறை மேற்கால் போட்டிருந்தது. அதற்குள் அவரது சாய்மனைக் கதிரை, அதில் யாரோ ஒரு கர்ப்பிணிப் பெண். அதைத் தூக்கிவந்த ஆட்டோக்காரர் இன்னும் கூலிக்காக நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சாரனும் தொப்பியுமாய் வாப்பா, தண்ணீர்ப் பீப்பாவை எங்கே வைப்பதென்று அதிபரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரும்பினார்.

"எங்க புள்ள போன? பிந்திட்டாய்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒருத்தரும் மௌத்தாகல்லதானே?"

"இல்ல வாப்பா. ஒருத்தரும் மௌத்தாகல்ல."

"அதுக்குத்தானே எல்லாரும் வந்த" என்று சொல்லிவிட்டு, பீப்பாவை உருட்டிக்கொண்டு போனார். போன வழியெல்லாம் அத்தர் மணத்தது.